ஐந்தாவது லத்தீன் புத்தகம்

பாடப்புத்தகம் கையில் கிடைத்தால் எல்லாரும் முதல் பக்கத்தைத் திறப்பார்கள். அவர் கடைசிப் பக்கத்தைத் திறப்பார். லத்தீன் பாடப்புத்தகங்களின் கடைசியில்தான் சொற்பட்டியல் இருக்கும் என்பதை முதல் புத்தகத்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து, அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் தேடுவார். மொத்தம் இருபத்தெட்டுச் சொற்கள். கிடைத்த சொல்லுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. கிடைக்காத சொல்லுக்கு நாக்கால் ஒரு சத்தம். புள்ளிகளை எண்ணி முடித்த பிறகுதான் புத்தகம் தேறுமா தேறாதா என்று சொல்வார். அதுவரை அவர் மனைவி கொடுத்த தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு லேசில் வராத காரியம்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் இருந்த ஒரு தோட்டத்தில் அவர் ரப்பர்ப் பால்வெட்டுக்காரர். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில், வடக்கே சண்டை மும்முரமாக நடந்த காலம். அவருக்கு ஐம்பது வயது, எனக்கு இருபத்து நாலு. அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். ஐம்பது வயதில் ஒரு பால்வெட்டுக்காரருக்கு லத்தீன் எதற்கு என்று தோட்டமே சிரித்தது. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் முதல் நாள் சிரிப்புத்தான் வந்தது. காரணம் தெரிந்த பிறகு வரவில்லை.

காரணம் அவர் மகள் ஸ்டெல்லா. பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டு, நாலைந்து தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அவளிடம் அடையாள அட்டை கிடையாது. இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் பலரைப்போலத் தகப்பனுக்குப் பிரஜாவுரிமை இல்லாததால் மகளுக்கு அட்டை இல்லை. அந்த நாட்களில் கொழும்பில் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி அட்டை இல்லாமல் நடமாடுவது என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. கிழமைக்கு ஒரு சுற்றிவளைப்பு. தோட்ட அலுவலகத்தில் டெலிபோன் அடித்தால் அக்கா கொழுந்துச் சாக்கோ பால் வாளியோ கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க அவருக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. ஒரே ஒரு சிக்கல். அவர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்; பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. இந்த நாட்டில்தான் பிறந்தார் என்பதற்கு மிஷன் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு மட்டும்தான் சாட்சி. அதை எழுதிய பழைய வெள்ளைக்காரச் சாமியார் லத்தீனில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். கொழும்பு அலுவலகம் மொழிபெயர்ப்பு வேண்டாம், மூலப் பதிவின் பிரதிதான் வேண்டும், அதோடு ஒரு சத்தியக் கடதாசியும் வேண்டும் என்றது. பங்குச் சாமியார் பிரதியை எடுத்து முத்திரை குத்தி, அதை வாசித்து அர்த்தமும் சொல்லி, கையில் கொடுத்து அனுப்பினார். இன்னொருவராக இருந்தால் அன்றைக்கே ஜே.பி. என்கிற சமாதான நீதவான் ஒருவரிடம் போய்க் கையெழுத்து வைத்து அனுப்பியிருப்பார்.

இவர் சத்தியக் கடதாசியை வாசித்தார். சிங்களத்தில் அச்சடித்த வழக்கமான படிவம். அதன் மூன்றாவது வரியில், இணைத்துள்ள பிரதியை நான் வாசித்து விளங்கிக்கொண்டேன், அதில் உள்ளவை உண்மை என்று சத்தியம் செய்கிறேன் என்று இருந்தது. நாட்டில் யாரும் அந்த வரியை நின்று பார்த்ததில்லை. இவர் நின்றுவிட்டார்.

“வாசிச்சு வெளங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்கு டீச்சர். நான் வாசிக்கவும் இல்ல, வெளங்கவும் இல்ல. ஆண்டவர் பேருல எப்படிங்க சத்தியம் பண்றது?”

சாமியார் வாசித்துச் சொன்னாரே என்றேன். சாமியாருக்குத்தான் விளங்கியது, தனக்கு விளங்கவில்லையே என்றார். அந்தச் சாமியாரே வந்து, மகனே இது ஒரு வழக்கத்துக்கு எழுதுகிற வரி, இதில் பாவம் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பிவிட்டு, மறுநாள் என்னிடம் வந்து லத்தீன் படிக்கப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிரதியில் இருந்த இருபத்தெட்டு லத்தீன் சொற்களையும் அதற்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

அவர் சுபாவமே அதுதான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டார். கல்யாணத்தன்று கோயிலில் பதிவுப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாராம். பெண் வீட்டார் வெயிலில் நிற்க, மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டது என்று ஒரு கிழவி அழவே தொடங்கிவிட்டாளாம். அக்கா இதைச் சொல்லும்போது பாதி சிரிப்பாள், பாதி பல்லைக் கடிப்பாள். யூனியனில் சேரும் படிவத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருந்த ஒன்றைக் காட்டித் தலைவரிடம் விளக்கம் கேட்டவர். தலைவருக்கே அப்படி ஒன்று அங்கே இருப்பது தெரியாது. சம்பளச் சீட்டு, மருந்துப் போத்தல், தேர்தல் நோட்டீஸ், எதுவானாலும் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சிங்கள எழுத்தைக் கடைவீதி முதலாளியின் மகனுடைய பழைய வாசிப்புப் புத்தகத்தை வாங்கிவந்து தானாகவே கற்றுக்கொண்டார். ரப்பர் ஸ்டோரில் இருந்த அறிவித்தல்களை வாசிப்பதற்காக இங்கிலீஷ். பெரிய கிளாக்கர் அவருக்கு நீதவான் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்.

இது வெறும் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மழை நாளில், கேட்காமலேயே, தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது. எப்போதோ தோட்டத்துக்கு ஆட்கள் வந்து மேசை போட்டு, அரிசிக் கூப்பனுக்கு என்று சொல்லிப் பெருவிரல் அடையாளம் வாங்கிப் போனார்கள். சில வருடம் கழித்து, இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர் என்று நோட்டீஸ் வந்தது. தகப்பன், தாய், இரண்டு தம்பிமார் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். இவர் அப்போது வேறு தோட்டத்தில் பதிந்த தனி ஆள் என்பதால் மிஞ்சிவிட்டார். அதன்பின் யாரையும் பார்க்கவில்லை.

“ரயில் ஏறுற வரைக்கும் எங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாருங்க, நான் கூப்பனுக்குத்தான் கை வச்சேன், கூப்பனுக்குத்தான் கை வச்சேன்னு.”

புத்தகம் தேடக் கிளம்பினேன்.

மாதம் ஒருமுறை ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குக் கொழும்புக்குப் போவேன். வகுப்பு முடிந்ததும் மருதானையில் பழைய புத்தகக் கடைகள். முதல் முறை லத்தீன் என்று கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் முறை லத்தீன் மிஸ் என்று பெயர் வைத்து, மூட்டைகளை அவிழ்க்கும்போதே ஒதுக்கி வைக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் புத்தகம் தடித்த சிவப்பு அட்டை. இங்கிலாந்துப் பையன்களுக்கு எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. ஒன்பது புள்ளி விழுந்தது. அட்டவணைகளை ஒரு மாதம் மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு வாக்கியம்கூட வாசிக்க வரவில்லை, இது சாமான் இல்லாத வெறும் பெட்டி என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது, வாசிப்புப் புத்தகம். முழுக்க ஒரு படைத்தளபதியின் சண்டைகள். முகாம் அடிக்கிறார்கள், அகழி வெட்டுகிறார்கள், ஊரைக் கொளுத்துகிறார்கள். ஆறு புள்ளி. நாட்டில் நடக்கும் சண்டை போதாதென்று புத்தகத்திலும் வேண்டுமா என்று கேட்டார். குழந்தை பிறந்தது, தண்ணீர் ஊற்றியது, பெயர் வைத்தது என்று அந்தத் தளபதியின் ஆட்கள் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை.

மூன்றாவதை அவருக்குப் பிடித்திருந்தது. கன்னியர் மடத்துப் பெண் பிள்ளைகளுக்கான புத்தகம், படங்களோடு. விவசாயியின் மகள் ராணிக்கு ரோஜாப் பூக் கொடுக்கிறாள். ராணி விவசாயியின் மகளை நேசிக்கிறாள். பாடத்துக்குப் பாடம் ரோஜா. மகள் என்ற சொல் முதல் பாடத்திலேயே கிடைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். பதினான்கு புள்ளி. விடியற்காலையில் மலையில் பால்வெட்டும்போது மரத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டு போவாராம். பக்கத்து வெட்டில் நின்றவர்கள் ஆளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பயந்தார்கள். பதினெட்டு வயது வரை லத்தீன் பூசையில் பதில் சொல்லி வளர்ந்தவர் அவர். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, சாமிக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன் என்று வெட்கத்தோடு சொன்னார்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். லத்தீனுக்கு இங்கிலீஷ், இங்கிலீஷுக்குத் தமிழ் என்று என் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவோம். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆசிரியர் குவார்ட்டர்ஸில் இடமாற்றம், வரன் என்ற இரண்டைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. ஒரு புத்தகத்தை நல்லது, கெட்டது என்று இவ்வளவு மூச்சைக் கொடுத்து விவாதிக்க அந்த மலையில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? எந்தப் புத்தகத்தில் பாடங்களின் வரிசை சரி, எதில் சொல் முந்தி வருகிறது, எதில் வாக்கியம் முந்தி வருகிறது என்றெல்லாம் பேசிக்கொண்டே இருப்போம். அவருக்கு அது மகளின் உயிர்ப் பிரச்சினை. எனக்கு அது பொழுது நன்றாகப் போன காலம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அதைப் பார்க்காமல் இருந்தேன்.

ஒருநாள் அக்கா பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். ஸ்டெல்லா தங்கியிருந்த வீதியில் சுற்றிவளைப்பு நடந்து, அட்டை இல்லாத இரண்டு பிள்ளைகளைக் கொண்டு போய்விட்டார்கள். ஸ்டெல்லா அன்றைக்குக் கடையில் இருந்ததால் தப்பினாள்.

“நீங்க சொன்னா கேப்பாரு டீச்சர். அவரு படிச்சு முடிக்கிறதுக்குள்ள எம் புள்ள போயிருவா. ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லுங்க, உங்க காலப் புடிக்கிறேன்.”

சொல்கிறேன் அக்கா என்றேன். அன்று மாலையே போனேன். சொல்லவும் தொடங்கினேன். ஆனால் ஸ்டெல்லாவை ஊருக்கு வந்துவிடச் சொல்லி அவரே மூன்று கடிதம் எழுதியிருந்தார். அவள் வர மறுத்துவிட்டாள். லயத்துக்குத் திரும்பி வந்து என்ன செய்வது, கொழுந்துக்கும் பாலுக்கும் நான் போக மாட்டேன் என்று பதில் எழுதியிருந்தாள். தவிர, பொலிஸைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. எங்கள் கேகாலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும்போலச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு அவளுக்கு. கடையில் பேசினால் தமிழ்ப் பிள்ளை என்றே தெரியாது. இரண்டு முறை சாவடியில் சிரித்துப் பேசியே தப்பியிருந்தாள். இதைப் பெருமையாகத்தான் எழுதியிருந்தாள், நாங்களும் பெருமையாகத்தான் வாசித்தோம். கையெழுத்துப் பேச்சை நான் எடுத்தபோது அவர் தாளை விரித்துக் காட்டி, இன்னும் பதினாலு சொல்தான் டீச்சர் என்றார். அந்தப் பதினாலு சொல்லுக்கு எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று பேச்சுத் திரும்பிவிட்டது. வீடு திரும்பும் வழியில்தான் அக்காவின் நினைவு வந்தது. மறுநாள் அவள் கண்ணில் படாமல் சுற்றுப்பாதையில் பள்ளிக்கூடம் போனேன்.

நாலாவது புத்தகம் கடைக்காரரின் மூட்டையில் அட்டை இல்லாமல் கிடந்தது. தமிழ்நாட்டில் எப்போதோ மிஷன் அச்சகத்தில், சாமியாராகப் படிக்கிறவர்களுக்காகத் தமிழிலேயே விளக்கம் எழுதி அச்சிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அந்தத் தமிழ் நூறு வருடத்துக்கு முந்தைய பண்டிதத் தமிழ். “லத்தீனு லேசா இருக்கு டீச்சர், தமிழுதான் வெளங்க மாட்டேங்குது” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவரும் உதட்டுக்குள் சிரித்தார். அக்கா அடுப்படியில் இருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். என்றாலும் அந்தப் புத்தகத்தை முட்டி மோதிப் படித்தோம். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்து இருபத்தைந்து சொல் விளங்கிவிட்டது. ஊர்ப் பெயரையும் ஆட்பெயர்களையும் அவராகவே கண்டுபிடித்தார். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

மீதி மூன்று சொல். அந்த மூன்றுக்கு மட்டும் சாமியாரை நம்பலாம் என்று அவரே சொன்னார். மூன்று சொல்லை இன்னொருவர் சொல்லிக் கேட்பது வேறு, முழுவதையும் கேட்பது வேறு என்று தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டார். அடுத்த கிழமை கடைவீதிப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை. பிரஜாவுரிமை அதிகாரிகள் நேரில் வருவார்கள். ஜே.பி.யும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அன்று கையெழுத்து வைப்பதாக அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

நடமாடும் சேவைக்கு நாலு நாள் முன்னதாக எனக்குக் கொழும்பில் வகுப்பு இருந்தது. மருதானைக் கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்ச் சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். நீல அட்டை, மெல்லிசு. கன்னியாஸ்திரிகள் செபங்களையும் கோயில் ஏடுகளையும் வாசிக்கக் கற்பதற்கென்றே எழுதியது. ரோஜாவும் இல்லை, சண்டையும் இல்லை. முதல் பாடமே ஞானஸ்நானம். பஸ்ஸில் நின்றுகொண்டே பாதியை வாசித்துவிட்டேன். பாடங்களின் வரிசை, உதாரணங்கள், அச்சு, எல்லாம் அவ்வளவு அழகு. ஒரு வருடமாக நாங்கள் தேடிய புத்தகம் அதுதான்.

ஒரு கிழமை அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். எத்தனையோ தடவை இதை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு கிழமை. வைத்திருக்க என்னால் முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவர் வீட்டுக்குப் போய், இனிப்புக் கொண்டுவந்த மாதிரி அதை நீட்டினேன்.

அவர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். தாளை விரித்தார். இருபத்தெட்டும் இருந்தன. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு முதல் பாடத்துக்குத் திருப்பினார்.

“முழுசும் இருக்கிற பொத்தகம் கைக்கு வந்த பொறகு, அரைகுறையா எப்படி டீச்சர் சத்தியம் பண்றது? இத முடிச்சிட்டே வைக்கிறேன். மூணு மாசத்துல திரும்ப வருவாங்கதானே.”

அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வேண்டாம் அண்ணே, இதைத் தூக்கிப் போடுங்கள், நாலு நாளில் கையெழுத்தை வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை. நல்ல புத்தகம் அண்ணே, நாளைக்கு இரண்டு பாடம் முடித்துவிடலாம் என்றேன்.

நடமாடும் சேவை வந்து போயிற்று. ஒன்பதாவது பாடத்தில் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய கிளாக்கர் தானே மலை ஏறி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முந்தின நாள் ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கொழும்பு தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் கடைவீதியில் இறங்கி அவர் ஜே.பி.யின் வீட்டுக்குப் போனார். சத்தியக் கடதாசியை நீட்டி, எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு, ஜே.பி. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். இவரைத் தெரிந்த மனிதர் என்பதால் ஜே.பி. நிமிர்ந்து பார்த்தார். இவர் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். பஸ்ஸில் அந்தக் கடதாசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பொலிஸ் நிலையத்தில் அந்தக் கடதாசியை யாரும் கையில் வாங்கவே இல்லை. அட்டை இல்லாதது இப்போது பிரச்சினை இல்லை, பிள்ளை வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள் என்றார்கள். பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். ஸ்டெல்லாவின் உதடு வீங்கியிருந்தது. அக்கா அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். இவர் ஒரே கேள்விதான் கேட்டார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டார்.

“தெரியாதுப்பா. சிங்களத்துல எழுதியிருந்துச்சு. என்னன்னு கேட்டேன், ரூம்ல தங்கியிருந்தத எழுதியிருக்கோம், கையெழுத்து வச்சா வீட்டுக்கு அனுப்பிருவோம்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க. வச்சிட்டேன்.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சிங்களத்தில் அப்படிப் பேசுகிற பிள்ளைக்குச் சிங்கள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பேச்சைக் கேட்டே நாங்கள் எல்லாரும், வாசிக்கவும் தெரியும் என்று முடிவு செய்துவிட்டோம். டீச்சர் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த நானும்தான். கடையில் பேசவும், பஸ்ஸில் சண்டை பிடிக்கவும், சாவடியில் சிரிக்கவும் வந்தால் போதும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். ஒரே வீட்டில், ஒருவர் தனியாகச் சிங்களம் வாசிக்கக் கற்றிருந்தார். ஒரு வருடமாக ஒவ்வொரு மழை நாளும் அந்த வீட்டில் பாடம் நடந்தது. அந்த ஐம்பது எழுத்தை மகளுக்குக் காட்டிக் கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வாக்குமூலத்தின் பிரதி வக்கீல் மூலம் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. வக்கீல் அலுவலக வாசலில் நின்றபடியே அவர் அதை அக்காவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னார். நிதானமாக, தடுமாறாமல் வாசித்தார். பெயர், வயது, தகப்பன் பெயர், தோட்டம். பிறகு, ஒருவர் கொடுத்த பொதியை இன்ன இடத்தில் வாங்கி, இன்ன இடத்தில் கொடுத்தேன், அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்ற வரி. அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அக்கா மீதியைக் கேட்டாள். இவ்வளவுதான் என்று சொல்லி மடித்துவிட்டார். இன்னும் ஒரு பக்கம் இருந்தது எனக்குத் தெரியும்.

அவருடைய பிரஜாவுரிமை நாலு மாதத்தில் வந்தது. ஸ்டெல்லா இரண்டு வருடமும் சில மாதங்களும் உள்ளே இருந்தாள். பிறகு வழக்கில் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். வெளியே வந்தவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. சிங்களத்தில் அறவே பேசவில்லை. அக்கா என்னோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான். நான் இடமாற்றம் கேட்டு இரத்தினபுரிப் பக்கம் போனேன். அவர் இறந்த செய்தி இரண்டு கிழமை கழித்துத்தான் எனக்கு வந்தது. யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஸ்டெல்லா சிறையில் இருந்த முதல் மாதங்களில் ஒருநாள், அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், அவள் ஒரு புத்தகம் கேட்டிருக்கிறாள் என்றார். சிங்கள எழுத்துப் படிக்கிற புத்தகம். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தானே வாசிக்க வேண்டுமாம். அவரை மருதானைக்குக் கூட்டிப் போனேன். ஒரு வருடமாக நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த கடைகளை அன்றுதான் அவர் கண்ணால் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை புத்தகம். கடைக்காரர் சிங்கள அரிச்சுவடி ஒன்றை எடுத்து நீட்டினார். வேறும் இருக்கிறது, பாருங்கள் என்று அடுக்கைக் காட்டினார்.

அவர் முதலில் நீட்டியதையே வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தையும் பார்க்கவில்லை. அது நல்ல புத்தகம் அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கானது, எழுத்து மங்கல், படங்கள் பாதி கிழிந்திருந்தன. மேலே இரண்டாவது தட்டில் பெரியவர்களுக்கென்று எழுதிய நல்ல புத்தகம் ஒன்று எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சிறை வாசல் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார், நானும் பின்னால் நடந்தேன்.